அடிபட்ட உடம்போடு வருபவர்களுக்கு யோகா சொல்லிக்கொடுப்பது எப்படி?

ஆசிரியர் பயிற்சி முடித்துச் சில மாதங்கள்தான் ஆகிறது, மொட்டை மாடியில் காலை ஆறு மணி வகுப்பு எடுக்கிறேன், பன்னிரண்டு பேர் வருகிறார்கள், அதில் ஒருவருக்கு டிஸ்க், ஒருவருக்கு முட்டி வலி, ஒரு அம்மாவுக்குக் கையையே தூக்க முடியவில்லை, யாருக்கு எந்த ஆசனம் கூடாது என்று ஒரு பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிபட்டவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், நாள்பட்ட வலிக்காரர்கள் என்று இவர்களுக்காகவே வகுப்பு எடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். கூடாதவை எவை என்பதும் இதில் வரும். ஆனால் அதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தால் சீக்கிரமே யாருக்காவது வலியைக் கூட்டிவிடுவீர்கள். நோயின் பெயரை வைத்து ஆசனத்தை முடிவு செய்ய முடியாது. எந்த அசைவில் வலி கூடுகிறது, எதில் குறைகிறது, மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இடுப்பு வலி என்று இரண்டு பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 35 வயது, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை, கீழ்முதுகில் எல்4-எல்5 என்கிற இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி வலது காலில் குடைச்சல். குனிந்தால் கூடும், உட்கார்ந்தால் கூடும், தும்மினால் சுண்டி இழுக்கும். நடந்தால் குறையும், குப்புறப் படுத்தால் இன்னும் குறையும். அடுத்தவருக்கு 68 வயது. கடைத்தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்துப்போகும், ஒரு திண்ணையோ பெஞ்சோ கண்ணில் பட்டால் உட்கார்ந்துவிடுவார், உட்கார்ந்த சில நிமிடத்தில் சரியாகிவிடும், சைக்கிள் மிதித்தால் ஒன்றுமே ஆகாது. இவருக்கு முதுகுத்தண்டுக்குள் நரம்பு போகிற வழி குறுகியிருக்கிறது. முன்னவருக்குக் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தாசனம் ஆபத்து, குப்புறப் படுத்து மார்பைத் தூக்குகிற புஜங்காசனம் பெரும்பாலும் மருந்து. பின்னவருக்கு அப்படியே தலைகீழ்: புஜங்காசனத்தில் கால் மரத்துவிடும், முழங்காலை மார்போடு அணைத்துப் படுத்தால் நிம்மதி. இவர்களோடு வேகப்பந்து வீசுகிற 16 வயதுப் பையன் ஒருவனும் வந்து, பின்னால் வளைந்தால் இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் குத்துகிறது என்றால் அது வேறு கதை, அந்த வயதில் அந்த இடத்தில் முள்ளெலும்பிலேயே மெல்லிய விரிசல் இருக்கலாம், டாக்டர் பார்க்கிற வரை அவனுக்குச் சக்கராசனமும் வேண்டாம் புஜங்காசனமும் வேண்டாம். மூன்று பேரும் உங்களிடம் வந்து சொல்லப்போவது "இடுப்பு வலி சார்" என்ற ஒரே வார்த்தைதான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் வாங்கிப் பாருங்கள், ஆனால் அதிலேயே மூழ்கிவிடாதீர்கள். இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1994-ல் வந்தது. அதில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு இடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது, 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. வலி மட்டும் இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் பல்ஜ், அதாவது உப்பல், என்று இருப்பதாலேயே அந்த மனிதரின் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, அவர் வாழ்நாள் முழுக்கக் குனியக் கூடாது என்றும் ஆகிவிடாது.

ஆனால் சில அறிகுறிகளைப் பார்த்தால் வகுப்பே வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் போவதில் திடீர்ச் சிரமம் அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போவது, இரண்டு தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது, இவை நரம்பு கடுமையாக நசுங்குவதன் அடையாளம், முதல் இரண்டும் மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். விழுந்து அடிபட்ட பிறகு காலை ஊன்றவே முடியாதது, காய்ச்சலோடு முதுகு வலி, இரவில் படுத்தாலும் குறையாத வலியோடு காரணமில்லாமல் எடை குறைவது, இவையும் அப்படித்தான். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக, தொட்டால் வலியாக இருந்தால், அதுவும் ஆபரேஷனுக்குப் பிறகு என்றால், நீவி விடாதீர்கள், நீட்டியும் விடாதீர்கள், ரத்தக்கட்டு இருக்கலாம். இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருங்கள்.

சரி, இவை எதுவும் இல்லை, சாதாரண வலிதான். எப்படி விசாரிப்பது? "உடம்புக்கு ஏதாவது இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். ஆண்கள் கட்டாயம் சொல்ல மாட்டார்கள், பெண்கள் மாதவிடாய், கர்ப்பப்பை ஆபரேஷன் பற்றி நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார்கள். சேருகிற அன்றே தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள், நோயை மறைப்பவர்கள்கூட மாத்திரையைச் சொல்லிவிடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வருகிறது, பஸ் படி ஏறும்போது எப்படி, கீழே உட்கார்ந்து சாப்பிடுவீர்களா, வண்டியில் எவ்வளவு நேரம் போக முடிகிறது, தலை பின்ன முடிகிறதா? இப்படி வீட்டு வேலையை வைத்துக் கேட்டால்தான் உடம்பு எங்கே மடங்க மறுக்கிறது என்று தெரியும். அப்புறம் கவனியுங்கள். செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பிடிக்கிறாரா, பாயில் உட்காரும்போது எந்தக் கையை ஊன்றுகிறார், எழும்போது எந்தக் காலைக் காப்பாற்றுகிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அடிபட்ட புதிதில், அதாவது வீக்கமும் சூடும் இருக்கிற முதல் சில நாட்களில், அந்த மூட்டுக்கு ஆசனம் எதுவும் வேண்டாம். மற்ற பாகங்களுக்குக் கொடுக்கலாம், மூச்சுப் பயிற்சி கொடுக்கலாம். பிறகும் அவசரப்படாதீர்கள். தசைப்பிடிப்பு சில வாரங்களில் ஆறும், எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநாரும், எலும்பை எலும்போடு இணைக்கிற மூட்டு நார்களும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். வலி போய்விட்டது என்பதும் ஆறிவிட்டது என்பதும் ஒன்றில்லை, அந்த இடைவெளியில்தான் பலர் மறுபடி அடிபடுகிறார்கள். இங்கே இன்னொன்றும் சொல்லணும். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டு போட்டுக்கொண்டு, கட்டு பிரித்த மறுவாரமே வகுப்புக்கு வருபவர்கள் உண்டு. எங்கே கட்டுப் போட்டார்கள் என்று வாதாட வேண்டாம், எலும்பு நேராகச் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் அந்தக் கையில் உடம்பு எடையை ஏற்றாதீர்கள்.

இப்போது உங்கள் டிஸ்க்காரருக்கு வருவோம். இவருக்கு இருக்கிற முதல் பிரச்சினையே உங்கள் ஆறு மணி வகுப்புதான். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனியும்போது அதன்மேல் அழுத்தம் மற்ற நேரத்தைவிட ரொம்பக் கூடுதல். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் காலை நேரத்தில் மட்டும் குனியாமல் பார்த்துக்கொண்டாலே வலி நன்றாகக் குறைந்ததை 1998-ல் ஒரு ஆய்வு காட்டியது. நாமோ ஐந்தே முக்காலுக்கு எழுந்து வருகிறவரை ஆறு ஐந்துக்குச் சூரிய நமஸ்காரத்தில் குனிந்து பாதத்தைத் தொடுகிற பாதஹஸ்தாசனம் செய்ய வைக்கிறோம். அவரை மாலை வகுப்புக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள், வகுப்பிலும் முன்வளைவு எதையும் கொடுக்காதீர்கள், கீழே கிடக்கிற தண்ணீர் பாட்டிலை எடுப்பதுகூட முட்டியை மடக்கித்தான்.

நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். 1956-ல் அவரிடம் இடுப்பிலிருந்து கால் வரை வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார், முதுகு நன்றாகப் பின்னால் வளைந்தபடி. சில நிமிடம் கழித்து மெக்கன்சி உள்ளே வந்து பதறிப்போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், கால் வலி போய்விட்டது, இடுப்பில் மட்டும்தான் இருக்கிறது என்றாராம். அந்த நிலை நம் புஜங்காசனத்துக்கு ரொம்பப் பக்கம். அதிலிருந்து மெக்கன்சி எடுத்த விதி நமக்கும் அப்படியே பொருந்தும்: வலி காலிலிருந்து மேலே ஏறி இடுப்புக்கு வந்து சேர்ந்தால் நல்லது, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் கவலை வேண்டாம். இடுப்பு லேசாகி வலி கெண்டைக்கால், பாதம் என்று இறங்கினால் உடனே நிறுத்துங்கள். மாணவர் "இடுப்பு இப்ப தேவலை சார், கால்தான் இழுக்குது" என்று சந்தோஷமாகச் சொல்வார், நீங்கள் சந்தோஷப்படக் கூடாது.

நடைமுறையில் முதலில் வெறுமனே குப்புறப் படுக்க வைப்பேன், நெற்றிக்குக் கீழே கைகளை வைத்து, இரண்டு மூன்று நிமிடம். கால் வலி கூடவில்லை என்றால் முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்குவது. அதுவும் சரி என்றால் மூச்சை இழுத்தபடி மெல்ல ஏறி, விட்டபடி இறங்குவது, ஆறு தடவை. கையை முழுக்க நீட்டிய புஜங்காசனத்துக்கு வாரக்கணக்கில் போகாமல் இருந்தாலும் நஷ்டமில்லை.

இப்படி ஏறி இறங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடிபட்ட உடம்பு ஒரே நிலையில் நிற்பதைவிட அசைவை நன்றாக ஏற்கும். ஒரு நிலையில் போய் நின்றால் பயத்தில் தசை இறுகும், மூச்சு நிற்கும். மூச்சோடு சேர்த்து உள்ளே போய் வெளியே வந்தால் எங்கே வலி தொடங்குகிறது என்று அவருக்கே தெரியும், அதற்குச் சற்று முன்னாலேயே திரும்பிவிடலாம். இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார்தான். 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் அவர் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேகமான, கடினமான வரிசை. 1952-ல் சென்னைக்கு வந்த பிறகு அவரிடம் வந்தவர்கள் பலர் நோயாளிகள், வயதானவர்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராக, அந்தந்த உடம்புக்குத் தக்கபடி மாற்றிக் கொடுத்தார். 96 வயதில் அவருக்கே இடுப்பு எலும்பு முறிந்தபோது ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படுக்கையில் இருந்தபடியே செய்கிற பயிற்சியைத் தனக்கு வகுத்துக்கொண்டார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்தத் தனித்தனிப் பாடமுறையைத்தான் எடுத்துக்கொண்டது. நாம் பயிற்சியில் படிக்கிற வரிசைகளில் பல ஆரோக்கியமான இளவயது ஆண்பிள்ளைகளின் உடம்புக்காக அமைந்தவை. 50 வயது முட்டி அதற்கு ஒத்துவரவில்லை என்றால் குறை முட்டியிடம் இல்லை.

முட்டியைப் பற்றி நிறையச் சொல்லணும், நம் ஊரில் யோகாவால் கெட்டுப்போகிற மூட்டு என்று பார்த்தால் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். முழங்கால் ஏறக்குறைய கதவுக் கீல் மாதிரி, மடங்கும் நீளும், மடங்கியிருக்கும்போது கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். பத்மாசனத்துக்கு வேண்டிய திருகல் முழுவதும் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு திரும்பாதவர் கணுக்காலைப் பிடித்து இழுத்துத் தொடைமேல் வைத்தால் அந்தத் திருகல் முழங்காலுக்குப் போய், உட்பக்க ஜவ்வு இரண்டு எலும்புக்கும் நடுவில் நசுங்கும். கிழிந்த பிறகு டப் என்று சத்தம் கேட்டது, மறுநாள் வீங்கிவிட்டது, இப்போது பாதி மடக்கினால் சிக்கிக்கொள்கிறது என்பார்கள். எனவே ஒரே ஒரு கேள்வி: இழுப்பு எங்கே தெரிகிறது? பிட்டத்தின் வெளிப்பக்கம், தொடை என்றால் தொடரலாம். முட்டிக்குள் என்றால், லேசாக இருந்தாலும், வெளியே வந்துவிட வேண்டும். முட்டியில் மட்டும் "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, பழகிடும்" என்ற பேச்சு கிடையாது.

பத்மாசனம் தேவையே இல்லை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பிராணாயாமம் செய்தால் எந்தப் பலனும் குறையாது. கீழே உட்கார ஆசைப்படுபவருக்கு இரண்டு தலையணை வைத்து இடுப்பை முட்டியைவிட உயரமாக்குங்கள். வஜ்ராசனத்துக்கு மடித்த போர்வையைத் தொடைக்கும் கெண்டைக்கால் தசைக்கும் நடுவில் வைத்தால் மடக்கு குறையும், அப்போதும் வலித்தால் விட்டுவிடுங்கள். ஜவ்வைத் தைத்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஆழமாக மடக்குவது பல மாதங்களுக்குக் கூடாது, எவ்வளவு காலம் என்பதை அறுத்துத் தைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்களை மடக்கி நீட்டி வளைப்பதைவிட முன்தொடையைப் பலப்படுத்துவதுதான் முக்கியம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மூச்சை விட்டபடி மெதுவாக உட்காருவது, எட்டுப் பத்து முறை. நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்கிற உத்கடாசனத்துக்கு இதைவிட நல்ல வடிவம் அவர்களுக்குக் கிடையாது. நாற்காலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் அதன் கால் விரிந்து வழுக்கும். இரும்பு மடக்கு நாற்காலியை வாங்கி, அதன் நான்கு காலும் பாயின் மேல் இருக்கும்படி, சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

தோள் தூக்க முடியாத அம்மா. முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள், தோள் இறுகிப்போகிற ஃப்ரோசன் ஷோல்டர் சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். அது தானா, அல்லது தசைநார் கிழிசலா என்பதை ஓரளவு நீங்களே ஊகிக்கலாம். அவர் தன் இன்னொரு கையால் வலிக்கிற கையை மெதுவாகத் தூக்கிப் பார்க்கட்டும். தூக்கினாலும் ஒரு அளவுக்கு மேல் போகவில்லை, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பினாலும் போகவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கிறது. இன்னொரு கை உதவினால் மேலே போகிறது, விட்டால் தொப்பென்று விழுகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் அனுப்புங்கள். இறுக்கம் என்றால் அது தன் போக்கில் போகும், ஒன்று இரண்டு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். தொடக்கத்தில் இரவு தூங்கவிடாத வலி இருக்கும், அந்தக் கட்டத்தில் பலவந்தமாக இழுத்தால் இன்னும் இறுகும். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து வலிக்கிற கையைத் தொங்கவிட்டு லேசாக ஆட்டுவது போதும். வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சியபிறகு மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு துண்டைப் பிடித்து, நல்ல கை தூக்க மற்றது கூடவே போவது, சுவரில் விரலால் ஏறுவது. இதெல்லாம் யோகாவா என்று அவர் கேட்கலாம். மூச்சோடு, கவனத்தோடு செய்தால் யோகாதான் என்று சொல்லுங்கள். ஜாக்கெட் ஊக்கைத் தானே மாட்ட முடிந்த அன்று அவர் உங்களிடம் வந்து சொல்லும்போது உங்களுக்கே தெரியும்.

நன்றாக வளைகிற, தினமும் பயிற்சி செய்கிற மாணவர்களுக்கு வருகிற அடி ஒன்று உண்டு, அதை ஆசிரியர்களே கவனிப்பதில்லை. உட்காரும் எலும்பில், பின்தொடைத் தசை தொடங்குகிற இடத்தில் ஒரு வலி. குனியும்போதும், நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். தசை இறுக்கம் என்று நினைத்து இன்னும் இன்னும் நீட்டுவார்கள், அந்தத் தசைநாரின் அடி இன்னும் நைந்துபோகும். இதற்கு நீட்டுவதை நிறுத்த வேண்டும். எல்லா முன்வளைவிலும் முட்டியை நன்றாக மடக்கி, பாதி தூரம்தான். கூடவே மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம் போலப் பின்தொடைக்குப் பலம் தருவது. ஆற மாதக்கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கழுத்து எலும்புத் தேய்மானம், கைக்கு இறங்குகிற மரப்பு இருப்பவர்களுக்குச் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், மத்ஸ்யாசனம் எதுவும் வேண்டாம், மாற்று: காலைச் சுவரில் சாய்த்துப் படுப்பது. க்ளாகோமா என்கிற கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும் தலைகீழ் ஆசனம் கூடாது. சிரசாசனத்தில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காவதைச் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்களே 2006-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள், நோய் இல்லாதவர்களிடமே அப்படி. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பொதுவாக இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவதும், கால்மேல் கால் போடுவதும், காலை உள்பக்கம் திருப்புவதும் தடை. எந்தத் தடை எத்தனை நாளைக்கு என்று டாக்டரின் கையெழுத்திலேயே வாங்கி வரச் சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்கள், வயதான காலத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள், ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், இவர்களுக்கு எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் உடைகிற நிலை, இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மாயோ கிளினிக்கில் 1984-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு, 59 பெண்கள்தான். எலும்புப்புரை இருந்த அவர்களில் முன்னால் குனியும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய நொறுங்கல் வந்திருந்தது, பின்னால் வளையும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் 16 சதவீதம். சிறிய ஆய்வானாலும் அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு என் வகுப்பில் இந்த அம்மாக்கள் யாரும் பச்சிமோத்தாசனத்தில் முதுகை வளைத்துக் குனிவதில்லை. முதுகு நேராக, இடுப்பிலிருந்து சாய்வதோடு சரி. குப்புறப் படுத்துக் காலைத் தூக்குகிற சலபாசனம், சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பது, இவற்றுக்குத்தான் நேரம் ஒதுக்குவேன். விழாமல் இருப்பது அவர்களுக்கு முதல் ஆசனம்.

பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படி என்பீர்கள். அடிபட்டவரை ஓரமாக உட்கார வைத்து "நீங்க சவாசனம் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள், அவர் அடுத்த மாதம் வர மாட்டார், அல்லது வெட்கத்தில் எல்லாரும் செய்வதையே செய்து வலியைக் கூட்டிக்கொள்வார். எளிய வடிவத்தை எல்லாருக்கும் முதலில் சொல்லுங்கள். முட்டியை மடக்கிய முன்வளைவுதான் பாடம், முடிந்தவர்கள் நீட்டிக்கொள்ளலாம். வரிசையைத் திருப்புவதுதான் இதில் சூட்சுமம், முழு ஆசனத்தைக் காட்டிவிட்டு "முடியாதவங்க இப்படிப் பண்ணுங்க" என்றால் யாரும் தன்னை முடியாதவர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். டிஸ்க்காரர், முட்டிக்காரர், தோள் அம்மா மூவரையும் உங்களுக்குப் பக்கத்தில், சுவர் இருக்கிற பக்கமாக நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் புது அடி என்றால் நாலைந்து தனி வகுப்பு எடுத்து, அவருக்கான மாற்று அவர் கைக்குப் பழகிய பிறகு கூட்டத்தில் சேருங்கள்.

கை வைத்து அழுத்தாதீர்கள். பாதங்களைச் சேர்த்து முட்டிகளை விரித்து உட்காருகிற பத்தகோணாசனத்தில் முதுகில் ஏறி உட்கார்ந்து இறக்குவது, தோளைப் பிடித்து இழுப்பது, குனிந்தவர் முதுகை அமுக்குவது, இவற்றால் அடிபட்டு என்னிடம் வருகிறவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். அவர் உடம்பு எங்கே நிற்கச் சொல்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், உங்கள் கைக்குத் தெரியாது. தொட்டே ஆகவேண்டும் என்றால் கேட்டுவிட்டு, திசை காட்ட மட்டும், விரல் நுனியால். பெரும்பாலும் வாயால் சொன்னாலே போதும்.

அளவுகோல் என்று நான் வைத்திருப்பது அடுத்த 24 மணி நேரம். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை, அது கூர்மையாகக் குத்தாமல், கீழே இறங்காமல் இருக்கணும். அன்று மாலையோ மறுநாள் காலையோ வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம், பாதியாக்குங்கள். கூடவில்லை என்றால் இன்னும் இரண்டு வகுப்பு அப்படியே, பிறகு ஒன்றை மட்டும் கூட்டுங்கள், எண்ணிக்கையையோ தூரத்தையோ, இரண்டையும் சேர்த்து இல்லை. ஒரு நோட்டில் பெயர் போட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள். வகுப்பின் நடுவில் கவனிக்க வேண்டியது மூச்சு. மூச்சை அடக்குகிறார், தாடையைக் கடிக்கிறார், கால் விரல் சுருண்டிருக்கிறது என்றால் வாய் "நல்லா இருக்கு" என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். "உங்க டிஸ்க் விலகிடுச்சு, இனிமே ஜாக்கிரதை" என்று ஒரு ஆசிரியர் சொன்னால் அந்த மனிதர் வருடக்கணக்கில் பயந்து பயந்து நடப்பார், பயத்தில் தசை இறுகி அதுவே ஒரு வலியாகும். பிதுங்கிய டிஸ்க் நிறையப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சில மாதங்களில் சுருங்கிச் சரியாகிறது, அதைச் சொல்லுங்கள். யோகா பக்கமே போகாதே என்று யாரோ சொல்லிவிட்டதால் தயங்குபவரிடம் இதையும் சொல்லலாம்: அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவும் இருக்கிறது. அதே வருடம் 320 பேரை வைத்து நடந்த ஆய்வில், இடுப்பு வலிக்கென்றே வகுத்த மென்மையான யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறைவில்லாத பலனைத் தந்தது. இடுப்பு வலிக்கென்றே வகுத்த என்பதை மறந்துவிடாதீர்கள், அது நம் வழக்கமான ஆறு மணி வகுப்பு இல்லை.

கடைசியாக, நீங்கள் வைத்தியம் பார்ப்பவர் இல்லை. "மூணு மாசத்துல முட்டி சரியாகிடும்" என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நல்ல பிசியோ ஒருவரைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள், மாணவரின் சம்மதத்தோடு அவரிடமே நேராகப் போனில் கேளுங்கள், எந்த அசைவு கூடாது, எவ்வளவு எடை ஏற்றலாம் என்று. பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே சொல்வார்கள். யோகா வழியிலேயே சிகிச்சை வேண்டும் என்பவர்களுக்குப் பிஎன்ஒய்எஸ் என்கிற இயற்கை மருத்துவ, யோகா பட்டம் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே போகச் சொல்லலாம். நாலைந்து வாரம் கவனமாகச் செய்தும் மறுநாள் வலி குறையவே இல்லை என்றால் இன்னொரு ஆசனத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் அவரை அனுப்பிவிடுங்கள், அந்த மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, அங்கே பார்த்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று சொல்லி.